குடலில் ஒரு தையல்காரன்

“பீடி, குடி எதுவும் கிடையாது. முப்பத்தைந்து வயதில் என் தம்பிக்கு எப்படிப் பெருங்குடல் புற்றுநோய் வந்தது?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஹாலிவுட் நடிகர் சாட்விக் போஸ்மேன் 2020-ல் இதே நோயால் இறந்தபோது அவருக்கு 43 வயதுதான். இளையவர்களிடம் நோய் கூடுவதைப் பார்த்து, 2021-ல் அமெரிக்காவில் பரிசோதனை தொடங்கும் வயதை 50-லிருந்து 45-க்கு இறக்கினார்கள்.

உடல் பருமன், பதப்படுத்திய இறைச்சி பற்றியெல்லாம் நிறையப் படித்திருப்பீர்கள். நான் சொல்ல வருவது கோலிபாக்டின் என்ற நஞ்சைப் பற்றி.

நம் குடலில் ஈ கோலை பாக்டீரியா குடியிருக்கிறது. அதில் சில வகைகள் மட்டும் இந்த நஞ்சைத் தயாரிக்கும். அதன் இரு முனையிலும் மூன்று கார்பன் அணுக்களை நெருக்கி வளைத்த குட்டி முக்கோணம் ஒன்று உண்டு, அமுக்கிப் பிடித்த ஸ்பிரிங் போல. டிஎன்ஏ கிட்டே வந்ததும் முக்கோணம் பட்டென்று திறந்து, டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான அடினினைப் பிடித்துக்கொள்கிறது. மறுமுனை எதிர் இழையில் இருக்கும் அடினினைப் பிடிக்கிறது. இரண்டு இழையையும் சேர்த்து ஒரு தையல்! செல் பிரிய வேண்டுமென்றால் டிஎன்ஏ ஜிப் மாதிரித் திறக்க வேண்டும். தையல் விழுந்த இடத்தில் ஜிப் சிக்கிக்கொள்கிறது. செல் அதை வெட்டி ஒட்டிச் சரிசெய்யப் பார்க்கும்போது சில சமயம் ஓர் எழுத்து விடுபட்டுப் போகிறது. அதுவும் அடினின்கள் வரிசைகட்டி நிற்கும் இடங்களில். பல ஆண்டுகள் கழித்தும் அழியாத கைரேகை அது.

2025-ல் 11 நாடுகளின் 981 கட்டிகளை ஆராய்ந்தார்கள். எழுபது வயதைத் தாண்டியவர்களைவிட, நாற்பதுக்குள் நோய் வந்தவர்களிடம் இந்தக் கைரேகை 3.3 மடங்கு அதிகம். கணக்குப் போட்டுப் பின்னால் போனால், பல தையல்கள் பத்து வயதுக்குள் விழுந்தவை! நோய்க்கு இதுதான் காரணம் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனால் 2006-ல் பிரான்சில் இந்த நஞ்சைக் கண்டுபிடித்தவர்களிடம் “இதனால் என்ன பயன்?” என்று கேட்டு நிதியை நிறுத்தியிருந்தால் இந்தத் தடயமே கிடைத்திருக்காது.

இளையவர்களிடம் கூடுவது பெருங்குடல் புற்றுநோய் மட்டுமல்ல. குடல்வால் புற்றுநோய் மிக அரிது. ஆனாலும் அமெரிக்காவில் 1940-களில் பிறந்தவர்களைவிட 1980-களில் பிறந்தவர்களுக்கு அது ஏறக்குறைய நான்கு மடங்கு. பெரும்பாலும் குடல்வால் அழற்சிக்காக வெட்டியெடுத்த துண்டை லேபில் பார்க்கும்போதுதான் தெரியவருகிறது.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். மலத்தில் ரத்தம் வந்தால் “உடம்புச் சூடு, மூலம்தான்” என்று மாதக்கணக்கில் வெந்தயமும் இளநீரும் கொடுக்கிறார்கள். மூலமாகவே இருக்கலாம்; அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். தேவைப்பட்டால் கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை, செய்வார்கள். புற்றாக மாறக்கூடிய சதைமொட்டு உள்ளே இருந்தால், பெரும்பாலும் அப்போதே கிள்ளி எடுத்துவிடலாம்.