சாண எரிவாயு ஸ்லரி உரத்துக்கு டன்னுக்கு ரூ.1,500: யாருக்குக் கிடைக்கும்?

எரிவாயு ஆலையில் வாயு எடுத்த பிறகு வெளியே வரும் ஸ்லரியை உரமாக்கி விற்றால், டன்னுக்கு 1,500 ரூபாய் தரும் திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. ‘சந்தை மேம்பாட்டு உதவி’ என்று பெயர். 2023 ஜூன் 28 அன்று ஒப்புதல் கிடைத்தது, ஒதுக்கீடு 1,451.84 கோடி ரூபாய், 2025-26 நிதியாண்டு வரை. எனவே, எந்தத் தேதியில் விற்ற உரத்துக்குக் கேட்கிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள்.

இது விவசாயி கைக்கு வரும் மானியம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, உரத்தைச் சந்தைப்படுத்துபவருக்கானது. சொந்த வயலில் பாய்ச்சிய ஸ்லரிக்குக் கிடையாது. ஆலை, சாணத்தையும் கரிமக் கழிவையும் எரிவாயுவும் உரமுமாக்கும் மத்திய அரசின் ‘கோபர்தன்’ முயற்சிக்குள் வந்து, அதன் இணையதளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். வாகன எரிபொருளாக அழுத்தப்பட்ட உயிரிவாயுவை ஊக்குவிக்கும் ‘சதத்’ திட்டத்தில் வந்த ஆலைகளும் ஊரகத் தூய்மை இந்தியா இயக்கத்தில் வந்தவையும் இதில் அடங்கும்.

உதவி மூன்று உரங்களுக்குத்தான்: நொதித்த அங்கக உரம், அதன் திரவ வடிவம், பாஸ்பேட் செறிந்த அங்கக உரம். ‘புரோம்’ என்று சொல்வது கடைசியைத்தான். மூன்றுக்கும் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் தர அளவு இருக்கிறது. மூட்டை அச்சடிக்கும் முன் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

சரி, ஸ்லரியில் விற்க என்ன இருக்கிறது? வாயுவாகப் போவது பெரும்பாலும் கரிமம்தான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் ஸ்லரியிலேயே தங்கிவிடும். ஆனால் அதில் பெரும்பங்கு தண்ணீர். அப்படியே டேங்கரில் ஏற்றினால் சத்தைவிடத் தண்ணீருக்குத்தான் வாடகை கொடுப்போம்! அதனால் திருகு அழுத்தியில் (ஸ்க்ரூ பிரஸ்) விட்டுப் பிழிகிறார்கள். மணிச்சத்தில் ஒரு பகுதி சக்கையோடு போகும்; கரைந்த தழைச்சத்தும் சாம்பல்சத்தும் பெரும்பாலும் நீரோடு. சக்கையில் பாறை பாஸ்பேட் தூள் கலந்து மட்கவைத்தால் புரோம். திறந்த தொட்டியில் வெயிலில் விட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். மூக்கை எரிக்கும் அந்த வாடை, காசு காற்றில் போகும் வாடை.

குஜராத்தின் ஆனந்த் மாவட்டத்தில் முஜ்குவா கிராமப் பெண்கள் வீட்டுச் சாண எரிவாயுக் கலன்களின் ஸ்லரியைக் கூட்டுறவாகச் சேர்த்து விற்கிறார்கள். தேசிய பால்வள வாரியம் இத்தகைய சாண உரங்களுக்கு ‘சுதன்’ என்ற வணிகப் பெயரையே பதிவு செய்திருக்கிறது. சிறு கலன் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வதும் இந்த வழிதான்: தனியாக அலையாமல் பால் சங்கத்திலோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திலோ பேசுங்கள்.

பெரிய ஆலை நடத்துபவர்கள் காலவரம்புள்ள இந்த 1,500 ரூபாயை வருமானக் கணக்கில் எழுதாமல், உரத்தை உள்ளூர் விலைக்கே விற்றால் கட்டுப்படியாகுமா என்று முதலில் போட்டுப் பாருங்கள்.