படிவத்தில் இல்லாத நீர்பாய்ச்சி

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கண்மாய்த் திட்டத்தை மதிப்பீடு செய்யப் போயிருந்தேன். எவ்வளவு மண் அள்ளினார்கள், எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை பேருக்குப் பயிற்சி, எல்லாம் பதிவேட்டில் கச்சிதமாக இருந்தன. புதிதாகக் கட்டிய சங்கக் கட்டடத்தையும் காட்டினார்கள்.

கரையில் நின்ற நீர்பாய்ச்சிப் பெரியவர் மட்டும் என் படிவத்தில் எங்கும் இல்லை. எந்த மடையை எப்போது திறப்பது, கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும், உபரி நீர் வழியும் கலுங்கைத் தண்ணீர் தாண்டினால் யாருக்குச் சொல்லி அனுப்புவது, எல்லாம் அவர் மனக்கணக்கு. "அறுப்புக்கு எனக்குக் கூலியாத் தர வேண்டிய நெல்லைப் பாதிப் பேர் தர்றதில்ல சார்" என்றார். அதற்கும் படிவத்தில் கட்டம் இல்லை.

ஊரில் இருப்பதை வைத்தே ஊரை வளர்ப்பது என்பதை அமெரிக்காவில் கிரெட்ஸ்மன், மெக்நைட் என்ற இரு ஆய்வாளர்கள் 1993-இல் ஒரு முறையாக எழுதினார்கள். ஊர்மக்களே கூடிக் கண்மாயைப் பராமரிக்கும் நம் குடிமராமத்து அதைவிட வெகு பழசு. ஆனால் திட்டம் தொடங்கும்போது நாம் எடுக்கும் கணக்கெடுப்பு முழுக்க 'இல்லை, இல்லை'தான். ஊரில் ஏற்கெனவே இருந்ததை எழுதாமல் விட்டு, மூன்று வருஷம் கழித்து அதையே திட்டத்தின் சாதனையாகக் காட்டிவிடுகிறோம். நானும் காட்டியிருக்கிறேன்.

இப்போதெல்லாம் முதல் நாளே கோலப்பொடியில் ஊர் வரைபடம் போடச் சொல்கிறேன். மோட்டார் பழுதானால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள், பிரசவத்துக்கு ராத்திரியில் யார் வண்டி எடுப்பார் என்று கேட்டால் பெயர்கள் வந்து விழும். அப்புறம், யார் வரையாமல் ஓரமாக நிற்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். பல ஊர்களில் நீர்பாய்ச்சி வேலை தலித் குடும்பங்களுடையது. 'ஊரின் பலம்' என்று நாம் புகழ்வது சில சமயம் கூலி கொடுக்காத உழைப்பு.

மக்கள் பங்களிப்பும் அப்படித்தான். 2017-இல் குடிமராமத்தை அரசு மீண்டும் கொண்டுவந்தபோது விவசாயிகள் பங்கு 10 சதவீதம் என்று வைத்தார்கள். இந்த மாதிரிப் பங்குத்தொகை காகிதத்தில் எப்போதும் சரியாகவே இருக்கும். மண்வெட்டியோடு வந்தார்களா, வேறு யாராவது பணத்தைக் கட்டிவிட்டார்களா என்பது டீக்கடையில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

திட்டம் முடிந்து இரண்டு மழைக்காலம் போன பிறகு மறுபடி பார்க்க நிதி கேட்டேன், கிடைக்கவில்லை. சொந்தச் செலவில் ஒரு மார்கழியில் போனேன். சங்கக் கட்டடம் பூட்டிக் கிடந்தது. பெரியவருக்குப் பதில் அவர் மகன் மடையில் நின்றான். நீர்பாய்ச்சிக்கு நெல் பாக்கி வைத்தால் எல்லாருக்கும் பிறகு கடைசியாகத்தான் தண்ணீர் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருந்தது.

என் அறிக்கையில் வெற்றி என்று எழுதியிருந்தது அந்தக் கட்டடத்தை.