காது ஜவ்வில் ஓட்டை: எப்போது காத்திருக்கலாம், எப்போது கூடாது

"பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்" என்றுதான் அந்தப் பெண் ஆரம்பித்தார். இடது காதில் 'கொய்ங்' என்று ஓயாத இரைச்சல், அடைப்பு, வலி. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். செவிப்பறையில் ஓரம் பிசிறிய கிழிசல், பக்கத்தில் உறைந்த ரத்தப் பொட்டு, எல்லாவற்றின் மேலும் எண்ணெய்ப் பசை. வலி தாங்கவில்லை என்று அவருடைய அம்மா பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை ஊற்றியிருக்கிறார். நாலே நாளில் சீழும் பிடித்திருந்தது.

வழுக்கி விழுந்து ஜவ்வு மட்டும் இப்படிக் கிழிவது அரிது. அறையும் உள்ளங்கை காதை மூடும்போது, உள்ளே அடைபட்ட காற்று செவிப்பறையைக் கிழித்துவிடும். வலது கைப் பழக்கம் உள்ளவர் எதிரே நின்று அறைந்தால் அடி விழுவது இடது காதில். அம்மாவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டேன். பதில் வரவில்லை, அழுகைதான் வந்தது. காதைச் சுத்தம் செய்து, மருந்து எழுதிக் கொடுத்து, பெண்கள் உதவிக்கு 181 என்ற எண் இருப்பதையும் சொல்லி அனுப்பினேன்.

செவிப்பறை ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள ஜவ்வு, தடிமன் 0.1 மில்லிமீட்டர்தான். ஆனால் அடிபட்டோ, பட்ஸ், கொண்டை ஊசி குத்தியோ புதிதாக விழுந்த ஓட்டைகளில் பெரும்பாலானவை இரண்டு மூன்று மாதங்களில் தானாகவே மூடிக்கொள்ளும். நாம் அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும். குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சை வைத்துக்கொள்ளுங்கள். மூக்கை அழுத்திச் சிந்தாதீர்கள். எண்ணெய், தாய்ப்பால் எதுவும் உள்ளே போகக் கூடாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் அப்படித்தான். ஜென்டாமைசின் போன்றவை ஓட்டை வழியாக உள்காதுக்குப் போனால், கேட்கும் திறனையே பாதிக்கலாம். சீழ் இருந்தால் அதற்குப் பாதுகாப்பான சொட்டு மருந்து வேறு இருக்கிறது. அடிபட்டதும் தலை சுற்றினாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, காது சுத்தமாகக் கேட்காமல் போனாலோ மட்டும் காத்திருக்க வேண்டாம்; அன்றே வந்துவிடுங்கள்.

சின்ன வயதிலிருந்து சளி பிடிக்கும்போதெல்லாம் காதில் வடிகிறது என்பவர்களின் கதை வேறு. அந்தப் பழைய ஓட்டை தானாக மூடுவது அபூர்வம். அதற்காக எல்லோருக்கும் ஆபரேஷனா? அறுபது வயது தாண்டிய விவசாயி ஒருவரை அவர் மகள் அழைத்து வந்தார். ஊசிமுனை அளவு ஓட்டை, வருஷக்கணக்காகக் காய்ந்தே இருக்கிறது, ஆடியோகிராமில், அதாவது கேட்கும் திறனை அளக்கும் சோதனையில், பெரிய குறை இல்லை. "தண்ணி போகாமப் பாத்துக்குங்க ஐயா, வருஷம் ஒரு தடவை காட்டுங்க, போதும்" என்றேன். மகளுக்குத் திருப்தி இல்லை. எனக்கு அந்த முடிவில் சந்தேகமே இல்லை.

கிணற்றில் குதித்து நீந்தும் பையன், ஒவ்வொரு முறையும் சீழ், வகுப்பில் சரியாகக் கேட்கவில்லை என்றால், ஜவ்வை அடைத்துவிடுவதுதான் நல்லது. காதுக்கு மேலே உள்ள தசையின் உறையிலிருந்து ஒரு துண்டு எடுத்து ஓட்டையில் ஒட்டுபோடுவோம். பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும், எல்லோருக்கும் அல்ல. கேட்பது எவ்வளவு கூடும் என்று முன்கூட்டியே உறுதி தர முடியாது. உள்ளே குட்டி எலும்புகள் அரித்திருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டும். நரம்புக் குறை இருந்தால் ஒட்டுப்போட்டும் அந்தக் குறை தீராது. ஆபரேஷனுக்குப் பயப்படுபவர்கள் காது காய்ந்தபின் கேட்கும் கருவி வைத்துப் பார்க்கலாம். அதுவும் சரியான வழிதான்.

யோசிக்க இடமே இல்லாத நிலை ஒன்று உண்டு. சீழ் கொஞ்சம்தான், ஆனால் கெட்ட நாற்றம். வலி இல்லாததால் வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். ஜவ்வின் மேல்பகுதி குழிந்து, அதில் தோல் செல்கள் சேர்ந்து எலும்பை அரிக்கிற நோயாக இருக்கலாம் அது. முக நரம்பு வரை, மூளை வரை போகும். அங்கே ஆபரேஷன் நோயை அகற்றத்தான். கேட்பதெல்லாம் அடுத்த பேச்சு.

அந்தப் பெண் மூன்றாம் மாதம் வந்தார். கிழிந்த இடத்தில் மெல்லிய புதுத் தோல் மூடியிருந்தது. ஆடியோகிராமும் சரியாக இருந்தது. "இப்ப அம்மா வீட்லதான் இருக்கேன் டாக்டர்" என்றார்.