பிரபுக்கள் சபையில் மனுப் போடுவது எப்படி? 1700 முதல் 1727 வரை லண்டனில் இருந்த நடைமுறை

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தின் மேலவையாக இருந்த பிரபுக்கள் சபை என்றதும் போர், சமாதானம், விக் கட்சிக்கும் டோரி கட்சிக்கும் நடந்த சண்டை என்று பெரிய சங்கதிகளைத்தான் எல்லோரும் பேசுவார்கள். சபையின் நடவடிக்கைக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தால் கதையே வேறு. ஒரு குடும்பம் கடனை அடைக்க நிலம் விற்க அனுமதி கேட்கிறது. ஒரு ஜெர்மன் வியாபாரி குடியுரிமை கேட்கிறார். கீழ்க்கோர்ட்டில் தோற்ற ஒருவர் தீர்ப்பை மாற்றக் கேட்கிறார். பெரும்பாலான நாட்களில் வேலை இதுதான். சட்டம் இயற்றும் மன்றத்தைவிட, மனு வாங்கும் அலுவலகம் என்றே அதைச் சொல்லத் தோன்றும். அந்த அலுவலகத்தில் யாருக்கு என்ன கிடைத்தது, எப்படிக் கிடைத்தது என்று பார்ப்போம். (இங்கிலாந்து அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. தேதிகளை அப்படியே தருகிறேன். ஆண்டை மட்டும் ஜனவரி 1-இல் தொடங்குவதாகக் கொண்டிருக்கிறேன்.)

சபையில் யார் யார்?

பரம்பரைப் பட்டம் உள்ள பிரபுக்கள் ஒரு பக்கம். இங்கிலாந்து, வேல்ஸ் திருச்சபையின் 2 பேராயர்களும் 24 பிஷப்புகளும் இன்னொரு பக்கம். 1707-இல் ஸ்காட்லாந்து இணைந்த பிறகு அங்கிருந்து 16 பேர் வந்தார்கள். ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் ஒவ்வொரு பாராளுமன்றத்துக்கும் கூடித் தங்களுக்குள் இந்த 16 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். 21 வயது ஆகாதவருக்கு இடமில்லை. 1678-ஆம் ஆண்டுச் சட்டப்படி கத்தோலிக்கர்களுக்கும் இடமில்லை. பட்டம் இருக்கும், நாற்காலி இருக்காது.

நீதிபதிகளும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் உறுப்பினர்கள் அல்ல, வாக்கும் கிடையாது. சபை சட்டச் சந்தேகம் கேட்டால் பதில் சொல்வதற்காக ரிட் (எழுத்து ஆணை) அனுப்பி அழைக்கப்பட்டவர்கள். சபைக்குத் தலைமை லார்டு சான்சலர். அவர் உட்காரும் இடம் கம்பளி திணித்த சிவப்பு மெத்தை. தலைமை என்றாலும் அதிகாரம் குறைவு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுந்தால் யார் பேசுவது என்று முடிவு செய்யக்கூட அவருக்கு உரிமையில்லை, அதைச் சபைதான் சொல்ல வேண்டும். அதனால்தான் பேசுகிறவர்கள் அவரைப் பார்த்துப் பேசாமல் "பிரபுக்களே" என்று எல்லோரையும் விளித்தார்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் பழைய மண்டபம் ஒன்றில் சபை கூடியது. சுவரில் 1588-ஆம் ஆண்டு ஸ்பானியக் கப்பற்படைத் தோல்வியைச் சித்திரித்த திரைச்சீலைகள் தொங்கின. முதலில் இளைய பிஷப் ஒருவர் ஜெபம் வாசிப்பார். குறிப்பேட்டில் கிளார்க் நாளின் பெயரை லத்தீனில் எழுதி, வந்தவர்கள் பட்டியலைப் பதிவார். அதில் கான்டர்பரி பேராயருக்குத்தான் பெரும்பாலும் முதல் இடம். பிறகு மனுக்கள், மசோதா வாசிப்புகள், குழு அறிக்கைகள், நாள் குறித்து வைத்த வழக்குகள். கடைசியில் லார்டு சான்சலர் அடுத்த கூட்டம் எந்த நாள், காலை எத்தனை மணி என்று அறிவித்ததாக லத்தீனில் ஒரு வரி. பெரும்பாலும் 11 மணி என்றிருக்கும். சொன்ன நேரத்துக்குக் கூட்டம் தொடங்கியது என்று நம்பிவிட வேண்டாம்.

தேர்ந்தெடுக்கப்பட்ட கீழவையான காமன்ஸ் சபைக்கு ஏதாவது சொல்லி அனுப்ப வேண்டுமென்றால் லார்டு சான்சலரின் சான்சரி நீதிமன்ற அதிகாரிகள் இருவர் எடுத்துப் போவார்கள். விஷயம் முக்கியமானால் நீதிபதிகளே போவார்கள். இரு சபைக்கும் கருத்து வேறுபாடு வந்தால் கூட்டுச் சந்திப்பு உண்டு. அதில் பிரபுக்கள் தொப்பியோடு உட்கார்ந்திருப்பார்கள். காமன்ஸ் உறுப்பினர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும்.

அரசி ஆன் 1704 முதல் விவாதங்களை நேரில் கேட்க வரத் தொடங்கினார். முதலில் அரியணையில் உட்கார்ந்தார். குளிர் தாங்காமல் பிறகு கணப்புப் பக்கத்தில் இருந்த பெஞ்சுக்கு நகர்ந்துவிட்டார். அரசி காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது எதிர்த்துப் பேச எத்தனை பேருக்குத் துணிவு வந்திருக்கும் என்பது தனிக் கேள்வி.

சொத்து விற்க ஏன் சட்டம் வேண்டும்?

பொதுமக்களுக்கு அதிகம் பயன்பட்டது இந்தப் பகுதிதான். பொதுமக்கள் என்று நான் சொல்வது காசுள்ள பொதுமக்களை.

அக்காலத்து நிலக்காரக் குடும்பங்கள் திருமணத்தின்போதே சொத்தைக் கட்டிப்போட்டுப் பத்திரம் எழுதிவிடும். மூத்த மகனுக்கு ஆயுட்கால அனுபவ பாத்தியம் மட்டும். அவனுக்குப் பின் அவன் மகனுக்கு. நடுவில் யாரும் விற்க முடியாது, நீண்ட காலக் குத்தகைக்கும் விட முடியாது. குடும்ப நிலம் கரையாமல் இருக்க நல்ல ஏற்பாடு. ஆனால் கடன் கழுத்தை நெரிக்கும்போதும், தங்கைகளுக்குச் சீர் கொடுக்க வேண்டியபோதும், ஆறு மாவட்டங்களில் சிதறிக் கிடக்கும் நிலத்தை விற்று வீட்டருகே வாங்க நினைக்கும்போதும் இதே பத்திரம் விலங்காகிவிடும். பிறக்காத பேரனிடம் கையெழுத்து வாங்க முடியாதே! எந்த நீதிமன்றத்தாலும் அவிழ்க்க முடியாத இந்த முடிச்சைப் பாராளுமன்றச் சட்டம் ஒன்றுதான் அவிழ்க்கும். அந்த ஒரு குடும்பத்துக்கு மட்டும் பொருந்தும் சட்டம், அதாவது தனி மசோதா. நம் ஊரில் அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முதல் படி மனு. 1706-இல் சபை விதியை இறுக்கியது. அதன்படி மனு நேராக மசோதா ஆகாது. இரண்டு நீதிபதிகளிடம் போகும். அவர்கள் சம்பந்தப்பட்டவர்களை விசாரித்து, பத்திரங்களைப் பார்த்து, கேட்பது நியாயம்தானா, யாருக்காவது பாதகமா என்று அறிக்கை தர வேண்டும். அதன் பிறகே முதல் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு. அடுத்து மசோதா குழுவுக்குப் போகும். குழுவில்தான் உண்மையான சோதனை. சொத்தில் பாத்தியம் உள்ள ஒவ்வொருவரும் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். வர முடியாதவர் கையெழுத்திட்ட சம்மதத்தைச் சாட்சியோடு அனுப்ப வேண்டும். மைனர்கள் சார்பில் காப்பாளர் பேசுவார். விற்ற பணம் மனுதாரர் பைக்குள் போய்விடாமல் இருக்க நம்பிக்கைப் பொறுப்பாளர்கள் (டிரஸ்டிகள்) பெயரில் வைக்க வேண்டும். மூன்றாம் வாசிப்பு முடிந்ததும் மசோதா காமன்ஸ் சபைக்குப் போய்த் திரும்பும்.

கடைசியில் அரச ஒப்புதல். அதைப் பழைய பிரெஞ்சில் சொல்வார்கள். பொதுச் சட்டத்துக்கு "அரசி இதை விரும்புகிறார்"; தனிச் சட்டத்துக்கு "விரும்பியபடியே ஆகட்டும்". மறுப்பதாக இருந்தால் "அரசி யோசிப்பார்" என்று நாசூக்காகச் சொல்லிவிடுவார்கள். கடைசியாக அப்படி யோசித்தது 1708 மார்ச் 11 அன்று, ஸ்காட்லாந்துப் படைத்திரட்டு மசோதாவுக்கு. அதற்குப் பின் எந்த ஆட்சியாளரும் ஒப்புதலை மறுத்ததில்லை.

கட்டணம் உண்டு, கணிசமாகவே உண்டு. தலைவரில் தொடங்கி கிளார்க், கருங்கோல் அதிகாரி (சபையின் ஒழுங்கைக் கவனிப்பவர்), வாசல் காப்போர் வரை ஒவ்வொரு கைக்கும் பங்கு போகும். ஏழைக் குடியானவன் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காததில் வியப்பில்லை. விவாகரத்துக்கும் இதே கதைதான். திருச்சபை நீதிமன்றம் பிரிந்து வாழ மட்டுமே அனுமதிக்கும். மறுமணம் வேண்டுமென்றால் தனிச் சட்டம் வேண்டும். நார்போக் டியூக் 1700-இல் அப்படித்தான் விடுதலை பெற்றார்.

சொத்து வழக்கு எவ்வளவு கசப்பாகும் என்பதற்கு ஒரு சான்று. மோகன் பிரபு 1699-இல் கொலைக் குற்றச்சாட்டுக்கு உள்ளாகி, சக பிரபுக்களால் விசாரிக்கப்பட்டு விடுதலையானவர். பட்டம் உள்ளவரைப் பெருங்குற்றத்துக்குப் பிரபுக்கள்தான் விசாரிக்க வேண்டும் என்பது அவர்கள் தனியுரிமை. அதே மோகனும் ஹாமில்டன் டியூக்கும் ஒரு பரம்பரைச் சொத்துக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடி, 1712 நவம்பர் 15 அன்று ஹைடு பார்க்கில் வாள்சண்டை போட்டார்கள். இருவருமே செத்தார்கள்.

குடியுரிமை மனு

வெளிநாட்டில் பிறந்தவர் முழு உரிமையோடு நிலம் வாங்கவும் வாரிசாகவும் வேண்டுமென்றால் தனிச் சட்டம்தான் வழி. மனுதாரர் ஆங்கிலத் திருச்சபை ஏற்கும் முறையில் நற்கருணை பெற்றதற்குச் சான்று காட்டி, சபையில் நின்று விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும். செலவைப் பகிர்ந்துகொள்ளப் பலர் ஒரே மசோதாவில் பெயர் சேர்த்துக்கொள்வது வழக்கம். இசையமைப்பாளர் ஹாண்டெல் செய்தது இதைத்தான். 1727 பிப்ரவரி 13 அன்று, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த இன்னொருவர் மசோதாவில் தன் பெயரையும் சேர்க்கச் சொல்லி மனுக் கொடுத்தார். பிப்ரவரி 20 அன்று முதலாம் ஜார்ஜ் ஒப்புதல் தந்துவிட்டார். ஒரே வாரம்!

இடையில் ஒரு தாராளக் காலமும் இருந்தது. 1709-ஆம் ஆண்டுப் பொதுச் சட்டப்படி புரொட்டஸ்டன்ட் வெளிநாட்டினர் நற்கருணையும் உறுதிமொழியும் முடித்து ஒரு ஷில்லிங் கட்டினால் போதும். அந்த ஆண்டே ஜெர்மனியின் பாலட்டினேட் பகுதியிலிருந்து ஏழை அகதிகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்க, எதிர்ப்புக் கிளம்பி, 1712-இல் சட்டம் ரத்தானது. பழைய தனி மசோதா வழி மீண்டும் வந்தது. அதில் பெற்ற குடியுரிமையிலும் ஓர் ஓட்டை உண்டு. 1701-ஆம் ஆண்டு அரியணை வாரிசுரிமைச் சட்டம், குடியுரிமை வாங்கியவர் பாராளுமன்றத்தில் உட்காரவோ அரசுப் பதவி வகிக்கவோ கூடாது என்றது.

மேல்முறையீடு

நாட்டின் கடைசி நீதிமன்றமும் இந்தச் சபைதான். வழக்காற்றுச் சட்டம் (காமன் லா) பார்க்கும் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்தால் பிழை ரிட், அதாவது தீர்ப்பில் சட்டப் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் ஆணை; சான்சரி தீர்ப்பை எதிர்த்தால் மனு. மனுவில் இரண்டு வழக்கறிஞர்கள் கையெழுத்திட வேண்டும். இரு தரப்பும் தங்கள் வாதத்தை அச்சிட்டு உறுப்பினர்களுக்குத் தர வேண்டும். சட்டம் படித்தவரா, குதிரை வளர்ப்பவரா என்ற பேதமில்லாமல் வந்திருந்த பிரபுக்கள் யாரும் வாக்களிக்கலாம். இதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய கோளாறு. கட்சிச் சண்டை தீர்ப்புக்குள்ளும் புகுந்துவிடும்.

ஐல்ஸ்பரி ஊர்ச் செருப்புத் தொழிலாளி மேத்யூ ஆஷ்பி வழக்கில் அந்தக் கட்சிச் சண்டையே ஏழைக்கு உதவியது. தேர்தலில் வாக்களிக்க விடவில்லை என்று கான்ஸ்டபிள் வைட் மீது அவர் வழக்குப் போட்டு 5 பவுண்டு நஷ்டஈடு பெற்றார். மேல் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் அதை ரத்துசெய்தார்கள். தலைமை நீதிபதி ஹோல்ட் மட்டும், உரிமை என்று ஒன்று இருந்தால் அதற்குப் பரிகாரமும் இருந்தாக வேண்டும் என்றார். 1704 ஜனவரி 14 அன்று பிரபுக்கள் 50-க்கு 16 என்ற வாக்கில் ஹோல்ட் பக்கம் நின்றார்கள். தேர்தல் விவகாரம் எங்கள் எல்லை என்று காமன்ஸ் சபை கொதித்தது. அதேபோல் வழக்குப் போட்ட வேறு ஐந்து ஐல்ஸ்பரி ஆட்களை நியூகேட் சிறையில் தள்ளியது. இரு சபைகளும் மல்லுக்கட்ட, 1705 மார்ச்சில் அரசி கூட்டத்தொடரையே முடித்துவைத்தார்.

இணைப்புக்குப் பின் ஸ்காட்லாந்து வழக்குகளும் வந்தன. ஆங்கில முறையில் வழிபாடு நடத்தியதற்காக எடின்பரோவில் சிறைவைக்கப்பட்ட போதகர் ஜேம்ஸ் கிரீன்ஷீல்ட்ஸ் மேல்முறையீடு செய்தார். 1711 மார்ச்சில் சபை அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. ஸ்காட்லாந்துத் திருச்சபையினர் அதை மறக்கவேயில்லை. 1720-இல் லண்டன் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டு அயர்லாந்துப் பிரபுக்கள் சபையின் மேல்முறையீட்டு அதிகாரத்தையும் பறித்துக்கொண்டது.

வராமலே வாக்கு, தோற்றபின் எதிர்ப்பு

வாக்கெடுப்பில் "சம்மதம்", "சம்மதமில்லை" என்ற இரண்டே சொற்கள். பட்டத்தில் கடைசியில் இருப்பவரிடமிருந்து மேல்நோக்கிக் கேட்டு வருவார்கள். சமமாக வந்தால் மறுப்புத்தான் வென்றது. தலைவருக்குத் தீர்மான வாக்கு கிடையாது.

வர முடியாத பிரபு இன்னொருவரிடம் தன் வாக்கை எழுதிக் கொடுத்துவிடலாம். பிரபு பிரபுவுக்குத்தான், பிஷப் பிஷப்புக்குத்தான் தர முடியும். ஒருவர் கையில் இரண்டுக்கு மேல் இருக்கக்கூடாது. வழக்குகளில் இது செல்லாது. குளிர்காலத்தில் சேறும் சகதியுமான சாலையில் லண்டன் வருவதைவிட இது எவ்வளவோ மேல் என்று பலர் நினைத்தார்கள்.

தோற்றவர்களுக்கு ஓர் அருமையான உரிமை இருந்தது: தங்கள் எதிர்ப்பைக் காரணங்களோடு குறிப்பேட்டிலேயே எழுதிக் கையெழுத்திடலாம். விவாதங்களை வெளியே அச்சிடுவது குற்றமாக இருந்த காலத்தில், ஒரு தீர்மானத்தை எதிர்த்தவர்கள் ஏன் எதிர்த்தார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே அறிய இந்தப் பக்கங்கள்தான் வழி. கட்சிகள் இவற்றைக் கள்ளத்தனமாக அச்சிட்டுப் பரப்பின. பெரும்பான்மைக்குக் கோபம் வந்தால் எதிர்ப்பைக் குறிப்பேட்டிலிருந்து அடித்துவிட உத்தரவிடலாம். பிரான்ஸோடு சமாதானம் பேசுவதை எதிர்த்து 1712-இல் எழுதப்பட்டவற்றுக்கு அந்தக் கதிதான் நேர்ந்தது.

பெரும்பான்மையே கிடைக்கவில்லை என்றால்? அரசி புதுப் பிரபுக்களை உண்டாக்கலாம். அதே சமாதானத்துக்காக 1711 டிசம்பர் கடைசியிலும் புத்தாண்டு நாளிலுமாக ஒரே மூச்சில் 12 பேரை ஆன் நியமித்தார். அவர்கள் உள்ளே வந்தபோது, தனித்தனியாக வாக்களிப்பீர்களா அல்லது ஜூரி மாதிரி உங்கள் தலைவர் ஒருவரே சொல்லிவிடுவாரா என்று வார்ட்டன் பிரபு கேட்டாராம். இன்னும் பல தலைமுறைகளுக்கு ஆட்களைச் சேர்க்க முடியாதபடி பிரபுக்கள் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு போட 1719-இல் வந்த மசோதா காமன்ஸ் சபையில் தோற்றது.

வரி மசோதாவில் கை வைக்கலாமா?

கூடாது என்றது காமன்ஸ் சபை, 1670-களிலேயே. முழுதாக நிராகரிக்கலாம், திருத்தக்கூடாது. இந்திய மாநிலங்களவைக்குப் பண மசோதாவைத் திருத்தும் அதிகாரம் இல்லாததற்கு வேர் இங்கேதான். இதைப் பயன்படுத்தி, பிரபுக்களுக்குப் பிடிக்காத விதியை வரி மசோதாவின் வாலில் கட்டி அனுப்பும் தந்திரம் நடந்தது. 1702 டிசம்பரில், அப்படி ஒட்டி வருவது பாராளுமன்ற முறைக்கே விரோதம் என்று பிரபுக்கள் தீர்மானம் போட்டார்கள்.

மனுதாரர் கவனிக்க வேண்டியது

கூட்டத்தொடர் பொதுவாகக் குளிர்காலத்தில் தொடங்கி வசந்தத்திலோ கோடையின் தொடக்கத்திலோ முடியும். முடிவதற்குள் அரச ஒப்புதல் பெறாத மசோதா செத்துவிடும். எத்தனை வாசிப்பு தாண்டியிருந்தாலும் அடுத்த தொடரில் மனு, நீதிபதிகள் அறிக்கை, கட்டணம் எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டும். மேல்முறையீட்டுக்கும் பிழை ரிட்டுக்கும் இந்த ஆபத்து இல்லை. 1673-ஆம் ஆண்டு உத்தரவின்படி அவை விட்ட இடத்திலிருந்தே அடுத்த தொடரில் தொடரும்.