கதிர்வீச்சா, கதிரியக்கமா?

அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் ஒரு மொட்டைமாடியில் செல்போன் கோபுரம் வரப்போகிறது என்றதும் தெருவே கூடி மனு எழுதியது. வாயில் 'ரேடியேஷன்' என்றார்கள். தாளில் அது 'கதிரியக்கம்' ஆகிவிட்டது. அங்கேதான் சறுக்கல்.

லத்தீனில் 'ரேடியஸ்' என்றால் கோல், சக்கரத்தின் ஆரக்கால், தறியில் ஓடும் நாடா, ஒளிக்கதிர். தமிழ்க் 'கதிரு'ம் அப்படித்தான்: நெற்கதிர், ஞாயிற்றின் கதிர், நூல் நூற்கும் கதிர். தறிச் சத்தத்தில் வளர்ந்தவனுக்கு இந்த உறவு இனிக்கிறது. ரேடியோ, ரேடியம் இரண்டுக்கும் அதே வேர். (லாரிகளில் ஒட்டும் 'ரேடியம் ஸ்டிக்கரில்' ரேடியம் துளியும் கிடையாது.)

கதிர்வீச்சு பொதுச்சொல், வெயிலும் தணலின் அனலும் அதில் அடங்கும். கதிரியக்கம் என்பது அணுக்கரு தானாகச் சிதைந்து கதிர்களை உமிழ்வது. கியூரி தம்பதியர் 1898இல் இட்ட பெயரின் தமிழ் வடிவம். கோபுரத்தில் அந்த வேலையே நடப்பதில்லை. எக்ஸ் கதிரும் காமா கதிரும் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும். புற்றுநோய்க்குக் 'கரண்ட் வைப்பது' என்கிறோமே, அது இந்த வகை. செல்போன் அலைக்கு அவ்வளவு வலு இல்லை. மிகுந்தால் திசுவைச் சூடாக்கும் என்பதே அதைப் பற்றி உறுதியான செய்தி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் இதை '2பி' பிரிவில் வைத்தது: புற்றுநோய் தரக்கூடும், ஆனால் சான்று குறைவு. முழுக் கற்றாழை இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

கோபுரங்களுக்கு இந்தியா 2012 செப்டம்பர் முதல் விதித்த வரம்பு, பன்னாட்டு அளவில் பத்தில் ஒரு பங்கு. போனுக்கோ, உடல் உறிஞ்சுவது ஒரு கிலோ திசுவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது; பல போன்களில் *#07# அழுத்தினால் அந்தப் போனின் அளவு தெரியும். காதோடு ஒட்டிய போன்தான் கோபுரத்தைவிட நம் தலைக்கு அதிகம் தருகிறது. ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் மெலியும்போது, எட்டாத கோபுரத்தை எட்ட அது இன்னும் வலுவாக ஒலிபரப்பும். கோபுரமே வேண்டாம் என்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

கோபுரம் வீசும் அலைக்குச் சரியான தமிழ்? பாடநூலின் 'ரேடியோ அலை' போதும். 'வானலை' இன்னும் அழகு. 'அலைக்கற்றை' ஏலத்தில் விடும் ஸ்பெக்ட்ரத்துக்கு உரியது. 'கதிர்வீச்சு' பிழையில்லை, ஆனால் 'வீச்சு' என்றதும் நம் காதுக்கு அரிவாள்தான் நினைவு வருகிறது.

மனுவில் 'கதிரியக்கம்' என்பதை அடித்து 'ரேடியோ அலை' என்று திருத்தினேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் கண்ணாடியை ஏற்றிப் படித்துவிட்டு, "இப்படி எழுதினால் யார் பயப்படுவார்கள், கண்ணு?" என்று பழையபடியே மாற்றச் சொன்னார்.