சிட்டாடல்ல ஒரு ஆள் குறைஞ்சாலும் கதை மாறிடும்

கடற்கொள்ளைன்னா வெளியில எல்லாரும் துப்பாக்கியத்தான் கேக்குறாங்க, கப்பல ஓட்டுற ரூமான பிரிட்ஜ்ல வாட்ச் டூட்டி நிக்குற எங்களுக்கு பயமே அந்த ஏணிதான். ஏடன் வளைகுடா பக்கம் ஸ்கிஃப்ல (சின்ன வேகப் படகு) நாலஞ்சு பேர் வேகமா பின்பக்கமா வருவாங்க, கொக்கி வச்ச ஏணிய சாத்திட்டா சில நிமிஷத்துல மேல ஏறிடுவாங்க. ஃபுல் லோடுல அமுங்கி மெதுவா போற பல்க் கேரியர் சரக்குக் கப்பல்னா அவங்களுக்கு ரொம்ப வசதி, 18 நாட் வேகத்துக்கு மேல (மணிக்கு சுமார் 33 கிமீ) ஓடுற கப்பல்னா கிட்ட வர்றதே கஷ்டம்.

ரேஸர் வயர், ஃபயர் ஹோஸ், பாய்லர் சூட்ல (நாங்க போடுற வேலை உடுப்பு) துணிய திணிச்சு ரெயிலிங்ல நிக்க வைக்கிற பொம்மை (பாக்க சிரிப்பாதான் இருக்கும்) இதெல்லாம் அவங்கள நிறுத்தாது, நமக்கு டைம் வாங்கிக் குடுக்கும், அவ்வளவுதான். அந்த டைம்ல எல்லாரும் சிட்டாடலுக்குள்ள, அதாவது கப்பல்ல உள்பக்கமா பூட்டிக்குற பாதுகாப்பு ரூமுக்குள்ள, போயிருக்கணும்.

2024 ஜனவரில சோமாலியா பக்கம் லைலா நார்ஃபோக் கப்பல்ல கொள்ளைக்காரங்க ஆயுதத்தோட ஏறினப்போ அதுல இருந்த 21 பேரும், அதுல 15 பேர் இந்தியர்கள், உள்ள போய் பூட்டிக்கிட்டாங்க. இந்திய நேவி கப்பல் ஐஎன்எஸ் சென்னைலருந்து கமாண்டோ ஏறி தேடுனப்போ கொள்ளைக்காரன் ஒருத்தனும் இல்ல. அதுக்கு முந்தின மாசம் கடத்துன ரூயன் கப்பல்ல க்ரூ அவங்க கையில மாட்டிருந்தாங்க, 17 பேர மீட்க மார்ச் 16 வரைக்கும் ஆச்சு.

ஒருத்தர் வெளிய மாட்டினாலும் அவர் பணயக்கைதி, நேவி சுடவும் யோசிக்கும், ஏறவும் யோசிக்கும். ட்ரில்லுல குக்கும் புதுசா ட்ரெய்னிங்குக்கு வந்த கேடட்டும்தான் எப்பவும் லேட்டு, காலி பாத்திரத்த கழுவிட்டு வரேன்னு சொல்றவங்கள நான் விடுறதே இல்ல. உள்ள தண்ணி, சாப்பாடு, மருந்து எல்லாம் வச்சுடுவாங்க, டாய்லெட்டுக்கு ஒரு ஏற்பாடும் இருக்காது, சாட்டிலைட் போன் இருக்கும் ஆனா இரும்பு ரூமுக்குள்ள சிக்னல் வராது, ஆன்டெனா வெளிய கண்ணுல படாத எடத்துல இருக்கான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே கால் பண்ணிப் பாத்துருங்க. இன்ஜினையும் நிறுத்திட்டுதான் உள்ள போகணும், இல்லனா கப்பல அவங்க ஓட்டிட்டு போயிடுவாங்க. யூகேஎம்டிஓல (கப்பல்கள் ரிப்போர்ட் பண்ற பிரிட்டிஷ் நேவி ஆபீஸ்) முன்னாடியே ரிப்போர்ட் பண்ணியிருந்தா நீங்க எங்க இருக்கீங்கன்னாவது அவங்களுக்கு தெரியும்.

சிங்கப்பூர் ஸ்ட்ரெய்ட் (ஜலசந்தி) வேற மாதிரி. பெரும்பாலும் ராத்திரில கத்தியோட வந்து இன்ஜின் ரூம்ல ஸ்பேர் பார்ட்ஸ் தூக்கிட்டு போவாங்க, ஆளு கண்ணுல பட்டாலே ஓடத்தான் பாப்பாங்க. அங்க ஹீரோ மாதிரி துரத்தாதீங்க, அலாரம் அடிங்க, டெக் லைட் எல்லாத்தையும் போடுங்க, கப்பல் போக்குவரத்த கவனிக்குற விடிஐஎஸ்ல சொல்லுங்க, ஆள் எண்ணிக்கை சரி பாத்த பிறகு கும்பலா போய் தேடுங்க.