ஆள்களமா, ஆட்களமா?

டொமைன் என்றதும் பலருக்கு இணைய முகவரிதான் நினைவுக்கு வரும். பெரிய சேவையகங்களோடு பழகியவர்களுக்கு அதன் பொருள் வேறு: ஒரே பொறிக்குள் வன்பொருளையே பிரித்து அமைத்த தனிக் கணினி.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1997இல் வெளியிட்ட என்டர்பிரைஸ் 10000 சேவையகத்தைப் பாருங்கள். அதில் 16 சிஸ்டம் போர்டுகள் வரை செருகலாம். ஒவ்வொன்றிலும் கணக்கிடும் சில்லுகளான செயலிகள் (பிராசசர்) 4 வரை இருக்கும். நினைவகமும் உள்ளீட்டு, வெளியீட்டு வசதிகளும் அதிலேயே இருக்கும். மேசைக் கணினியின் தாய்ப்பலகை ஒன்றுதான், இங்கோ பல. ஆகவே சிஸ்டம் போர்டை முறைமைப் பலகை என்பதே பொருத்தம். நிர்வாகி வெளியே உள்ள தனிக் கணினியிலிருந்து, இன்னின்ன பலகைகள் சேர்ந்து ஒரு டொமைன் என்று வகுப்பார். ஒவ்வொரு டொமைனிலும் சோலாரிஸ் இயக்க முறைமை தனியாக ஓடும். ஒன்றில் அது நிலைகுலைந்தாலும் பக்கத்து டொமைனின் வேலை தொடரும். ஒரே வீட்டில் பல குடித்தனங்கள், ஆளுக்கோர் அடுப்பு.

வீடு என்று சொன்னது வெறும் உவமையன்று. இலத்தீனில் டோமுஸ் என்றால் வீடு, டோமினுஸ் வீட்டுத் தலைவன், டொமினியம் அவனுடைய உரிமையும் ஆளுகையும். அதுவே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் டொமைன் ஆயிற்று.

தமிழில் இதற்குக் களம் என்று மட்டும் எழுதுகிறார்கள். நெல்லடிக்கும் களமும் போர்க்களமும் இருக்கும் மொழியில், ஆளுகை என்ற கருவே அதில் விழுந்துபோகிறது. கணிதப் பாடநூலில் டொமைனுக்கு வழங்கும் மதிப்பகம் இங்கே உதவாது. பகுதி என்றால் வன்வட்டைப் பிரித்த பகுதியோடு குழம்பும். இணைய முகவரிக்கு வழங்கும் ஆள்களம்தான் இங்கும் பொருந்துகிறது. தேவைப்படும் இடத்தில் வன்பொருள் ஆள்களம் என்று விரித்துச் சொல்லலாம்.

சிலர் ஆட்களம் என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. அப்படிப் புணர்ந்தால் ஆள் என்பது பெயராகி, மனிதர்களின் களம் என்றாகிவிடும். ஆள்களம் வினைத்தொகை, கொல்களிறு கொற்களிறு ஆகாததைப் போல இதிலும் மெய் திரியாது. ஆண்ட களம், ஆள்கின்ற களம், ஆளும் களம் என மூன்று காலமும் அதில் அடங்கும். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டொமைனிலிருந்து, அதை நிறுத்தாமலே ஒரு பலகையைக் கழற்றி இன்னொன்றில் சேர்க்க அந்தச் சேவையகத்தில் வழி இருந்தது. நேற்று ஒன்று ஆண்ட பலகையை நாளை வேறொன்று ஆளும். காலம் காட்டாத வினைத்தொகை அதற்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது!